கானா கோதண்டத்துக்கு ஒரு போஸ்டர்

உட்காருங்க சார், இது காலி நாற்காலிதான். அவசரப்படாதீங்க, பிரியாணி தம்மை இன்னும் உடைக்கலையாம், இப்பதான் எட்டிப் பார்த்துட்டு வந்தேன். மாப்பிள்ளை வீடா? அரக்கோணமா? அதானே பார்த்தேன். என்ன, உட்கார்ந்ததுலேருந்து என் மூஞ்சியையே பார்க்கறீங்க? பரவாயில்ல, பாருங்க. சாயந்திரத்திலேருந்து இந்த மண்டபத்துல எல்லாரும் அப்படித்தான் பார்க்கறாங்க, பழகிப்போச்சு.

மேடையில பாடறாரு பாருங்க, ரோஸ் கலர் கோட்டு, கழுத்துல கர்ச்சீப். அவர்தான் பொண்ணோட அப்பா. கானா கோதண்டம். சொந்தப் பொண்ணு ரிசப்ஷன்ல தானே மைக்கைப் புடிச்சுக்கிட்டு வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேங்கறாரு. நல்லாப் பாருங்க அவரை. அந்த ஆளை நான்தான் சார் சாகடிச்சேன்.

சும்மா சொல்லலை. போன ஆடி மாசம் வியாசர்பாடில பாதிப் பேரு மாலையோட வந்து நின்னாங்க, ஐஸ் பெட்டி வந்துச்சு, மேளம் வந்துச்சு, அழுகை, ஒப்பாரி எல்லாம் ஆச்சு. ஒரே ஒரு குறை, பாடி மட்டும் வரலை. அது வடபழனில உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டிருந்துச்சு. உங்க ஆளுங்க இதைச் சொல்லியிருப்பாங்களே. சொல்லலையா? நல்லதாப் போச்சு. வேற யாராவது சொல்லியிருந்தா என் பங்கை விட்டுட்டுத்தான் சொல்லியிருப்பாங்க.

என் பேரு ஹரிநாத். டிசைனர். பேனர் கடையான்னு கேக்கறீங்க பாருங்க, இந்தக் கேள்விக்காகவே நான் கல்யாணங்களுக்கு வர்றதில்ல. பேனர் கடைக்காரன் வேற சார், நான் வேற. அவன் இருக்கற இடத்தையெல்லாம் நிரப்புவான். நான் இருக்கறதையெல்லாம் எடுத்துடுவேன். எடுத்து எடுத்து, மிச்சம் ஒண்ணும் இல்லாத இடத்துல நிறுத்துவேன். அதுக்குத்தான் என்னை ஆழ்வார்பேட்டைல ஏசி போட்டு உட்கார வெச்சிருக்காங்க.

வாசல்ல ஒரு பேனர் நிக்குதே, உள்ள வரும்போது பார்த்திருப்பீங்க. அதைச் செஞ்சது ஜெகன்னு ஒருத்தன், இந்தப் பேட்டைலயே ஃப்ளெக்ஸ் கடை வெச்சிருக்கான். மயில், அன்னப்பறவை, ரோஜா, சுவிட்சர்லாந்து மலை, அதுக்கு மேல சொந்தக்காரங்க மூஞ்சியெல்லாம் வரிசை வரிசையா, ரேஷன் கடை கியூ மாதிரி. நான் ஆட்டோலேருந்து இறங்கினதும் கண்ணுல பட்டுச்சு. முழுசா எங்க பார்த்தேன், என் கண்ணு என்ன பாவம் பண்ணுச்சு. எதிர்ப்பக்கம் நின்னு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டுட்டேன். 'தாங்க முடியலை'ன்னு எழுதி ரெண்டு அழுகை பொம்மையும் போட்டேன். அதுக்குத்தான் இந்த போன் பாக்கெட்ல நிக்காம அதிருது. ரசனை உள்ளவங்க நாலு பேரு எனக்கும் இருக்காங்கல்ல.

சரி, கதைக்கு வர்றேன். ஒரு மியூசிக் கம்பெனி கானா பாட்டெல்லாம் ரெக்கார்ட் பண்ணி வெளியிடலாம்னு எங்க ஆபீஸுக்கு வந்தாங்க. எங்க பாஸ் வருண். பாம்பேக்காரர், சென்னைக்கு வந்து ஆறு வருஷமாச்சு, சென்ட்ரல் ஸ்டேஷனைத் தாண்டி வடக்கே ஒரு எட்டு வெச்சதில்ல. அவர் போர்டு முன்னாடி நின்னு, 'கானாங்கறது இந்த ஊரோட ரத்தம், வியர்வை, அழுக்கு'ன்னு ஒரு மணி நேரம் பேசினாரு. பேசிட்டு ரெண்டு கையிலயும் சானிட்டைசர் தேய்ச்சுக்கிட்டாரு. 'ஹரி, எனக்கு அழுக்கு வேணும். சுத்தமா எதுவும் வந்தா குப்பைல போட்டுடுவேன்' அப்படின்னாரு.

போனேன். ஒரு வாரம் வியாசர்பாடியே கதின்னு கிடந்தேன். காறை பேர்ந்த சுவரு, துருப்பிடிச்ச ஷட்டரு, கிழிஞ்ச போஸ்டர் மேல ஒட்டின கிழிஞ்ச போஸ்டரு, எல்லாத்தையும் கிட்டத்துல வெச்சுப் படம் புடிச்சேன். சுவத்துச் சுரண்டல்லேருந்து எழுத்தே உருவாக்கினேன் சார், அகர வரிசை முழுசா. அங்க இருக்கறவங்களுக்கு அது புரியுமா? 'என்ன சார், எப்ப இடிக்கப்போறீங்க'ன்னு கேட்டாங்க. கார்ப்பரேஷன்லேருந்து அளக்க வந்திருக்கேன்னு நெனைச்சுட்டாங்க. இல்லம்மா, உங்க சுவரு அழகா இருக்கு, அதான் எடுக்கறேன்னு ஒரு அம்மாகிட்ட சொன்னேன். மறுநாள் போனா, அவ்வளவு அருமையான அழுக்குச் சுவத்துக்கு முழுசா வெள்ளையடிச்சு, வாசல்ல கோலம் போட்டு, முகத்துல பவுடரோட நிக்கறாங்க. எடுங்கன்றாங்க. எங்கேன்னு போய் முட்டிக்கறது சொல்லுங்க.

அந்த வாரத்துலதான் கோதண்டத்தைப் பார்த்தேன். அவர் ஒரு சந்தோஷப் பாட்டு எழுதி மெட்டுப் போட்டு வெச்சிருந்தாரு, ஜாதிமல்லி வாங்கிட்டு வர்ற புருஷன் பாடற பாட்டு. கம்பெனிக்காரங்களுக்குப் புடிச்சுப்போயி, முதல் ரிலீஸ் அதுதான்னு முடிவாச்சு. போஸ்டருக்குப் படம் எடுக்க வரச் சொன்னேன். இதே ரோஸ் கோட்டுதான் சார், புதுசா தைச்சு, தலைக்கு மை அடிச்சு, கூலிங்கிளாஸோட வந்து நின்னாரு. நிக்கறதோட விட்டாரா, என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போயி மனசைத் தொறந்து கொட்டிட்டாரு.

'டிசைன் சார், எங்க பேட்டைல ஒரு சாவுன்னா மொத ஆள் எனக்குத்தான் வரும். அப்புறந்தான் ஐஸ் பெட்டிக்கே போவான். ஆனா ஒரு கல்யாணத்துக்கு, ஒரு காதுகுத்துக்கு எவனாச்சும் கூப்புடுவான்றே? மாட்டான். காலைல நான் டீ குடிக்க வந்தேன்னா ஆட்டோக்காரன் மொத சவாரிய வேற தெரு வழியா ஓட்டினு போறான். அத்த கூட உடு சார். எம் பொண்ணு மேகலாவுக்கு ஒரு எடம் வந்துகீது. பையன் ஊரு அரக்கோணம். பையனோட அப்பா ரயில்வேல கீறாரு, நல்ல மனுசன். ஆனா அவுங்க சொந்தத்துல பேசிக்கிறாங்களாம், சாவு வூட்டுல பாடறவன் வூட்டுலயா பொண்ணு எடுக்கறதுன்னு. நிச்சயம் பண்றதுக்குள்ள நான் இந்தக் கோட்டோட போஸ்டர்ல நின்னுட்டேன்னு வெச்சுக்கோ, ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான். ஜிகுஜிகுன்னு போடு சார். பாக்கறவன் சிரிக்கணும்.'

நீங்க அப்படிப் பேசின ஆளா சார்? சரி சரி, நான் கேக்கலை. கல்யாணத்துக்கு வந்துட்டீங்க, அது போதும்.

எனக்கு ரொம்ப வருத்தமாப் போச்சு. அவர் பொண்ணு கல்யாணத்துக்காக இல்ல, அந்தக் கோட்டுக்காக. அழுக்கு கேட்ட இடத்துல ரோஸ் கோட்டைக் கொண்டுபோய் வருண் முன்னாடி வைக்க முடியுமா? அவர் சொன்ன மாதிரியெல்லாம் சிரிக்க வெச்சு, கையைத் தூக்க வெச்சு, நூறு படம் எடுத்தேன், அத்தனையும் கண்துடைப்புக்கு. அப்புறம் முடிஞ்சுதுன்னு சொன்னேன். மனுஷன் கோட்டைக் கழட்டி ஆணில மாட்டிட்டு, பனியனோட ஒரு ஸ்டூல்ல உட்கார்ந்து, பீடிக்குத் தீப்பெட்டி தேடிக்கிட்டு தரையைப் பார்த்தாரு. அப்ப எடுத்தேன் ஒண்ணு. கன்னம் ஒட்டி, கண்ணு தாழ்ந்து, உலகத்துல இருக்கற சோகமெல்லாம் அந்தத் தீப்பெட்டிக்காக அவர் மூஞ்சில இறங்கியிருந்துச்சு. அதை எடுத்துக் கலரை உறிஞ்சினேன். கறுப்பு வெள்ளை. மேல சுவத்துச் சொரசொரப்பைத் தேய்ச்சேன். கீழே என் எழுத்துல பேரு, 'கானா கோதண்டம்'. அதுக்குக் கீழே ரிலீஸ் தேதி. ஓரத்துல பாட்டு கேக்கறதுக்கு ஒரு கட்டம், போன்ல ஸ்கேன் பண்றது. அவ்வளவுதான். ஒரு மூஞ்சி, ஒரு பேரு, ஒரு தேதி. வருண் அதைப் பார்த்துட்டு எழுந்து நின்னு கை தட்டினாரு சார். நாம சம்பள உயர்வு கேட்டா தலையைக்கூடத் தூக்காத ஆளு.

கோதண்டத்துக்கும் போன்ல காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாரு. 'கலர் எப்ப சார் போடுவீங்க?' அண்ணே, முடிஞ்சுபோச்சு, இதுதான். 'ஒரே ஒரு ரோஜாப்பூ சார், ஓரமா.' அண்ணே, ஒரு புள்ளிகூட மாத்தக்கூடாது. 'இல்ல சார், இது பாக்கறதுக்கு ஒரு மாதிரி...' ஒரு மாதிரி இருக்கணும், அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்னு சொல்லிட்டேன். இன்னும் என்னமோ சொல்ல வந்தாரு, எனக்கு மீட்டிங் இருந்துச்சு. கூட வந்திருந்த அவர் பொண்ணு மேகலா போனை வாங்கிப் பார்த்துச்சு. ஒரு ஸ்கேன் சென்டர்ல வேலை பார்க்குது, பேச்சு வெடுக்குன்னு இருக்கும். 'எங்கப்பா சிரிச்சா எப்படி இருப்பாருன்னு பார்த்திருக்கீங்களா சார்?'னு கேட்டுச்சு. அதுக்கெல்லாம் இதுல இடமில்லைம்மான்னு சொன்னேன்.

ஒரு நிமிஷம் சார், போன். அம்மா. நங்கநல்லூர்ல இருக்காங்க. சாப்பிட்டியா, தயிர் சாதம் கலந்து வைக்கட்டுமான்னு கேப்பாங்க, வேறென்ன. அப்புறம் பேசிக்கலாம்.

எங்க விட்டேன்? ஆங், போஸ்டர். வியாசர்பாடி, எம்.கே.பி. நகர், பெரம்பூர் பாலம் வரைக்கும் சுவர் சுவரா ஒட்டச் சொல்லியாச்சு. அந்தப் பக்கத்துல ஒரு பழக்கம் இருக்கு சார், எனக்கு யாரும் சொல்லலை. அங்க யாராவது செத்தா அன்னிக்கே போஸ்டர் அடிச்சு ஒட்டிடுவாங்க. உயிரோட இருக்கறவன் போஸ்டர்னா பல்லு தெரியணும், சட்டை மின்னணும், பின்னாடி சூரியன் உதிக்கணும். கலர் இல்லாம, கண்ணு தாழ்ந்து, பேருக்குக் கீழே ஒரே ஒரு தேதின்னா அது ஒண்ணே ஒண்ணுதான். அதைப் படிக்கக்கூட மாட்டாங்க, பார்த்ததும் வண்டியை நிறுத்தி செருப்பைக் கழட்டிடுவாங்க. போஸ்டர் ஒட்டற ஆளே அழுதுக்கிட்டே ஒட்டியிருக்கான் சார். அவன் அப்பா சாவுக்குக் கோதண்டம்தான் பாடினாராம். துக்கத்துல எங்க பணத்துக்குக் கணக்குப் பார்க்காம இன்னும் ரெண்டு தெருவுக்குச் சேர்த்து ஒட்டியிருக்கான். இந்த மாதிரி ஈடுபாட்டோட ஒட்டற ஆளு உங்களுக்குக் கிடைப்பானா?

மறுநாள் காலைல நான் கேமராவைத் தூக்கிட்டுப் போறேன். அவார்டுக்கு அனுப்ப, போஸ்டர் சுவத்துல இருக்கற மாதிரி படம் வேணும். பாலத்தை விட்டு இறங்கினா, என் போஸ்டர் முன்னாடி கூட்டம் கூட்டமா ஜனம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இந்தத் தொழில்ல இருக்கற இத்தனை வருஷத்துல என் வேலை முன்னாடி ஒரு நாயி நின்னதில்ல சார். இங்க பார்த்தா நின்னு பார்க்கறாங்க, தொட்டுப் பார்க்கறாங்க, ஒரு பாட்டியம்மா அழறாங்க. அட, இதுதான்டா டிசைன்னு நெனைச்சேன். நிறைய பேரு அந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்றாங்க. அப்புறந்தான் தெரிஞ்சுது, அடக்கம் எத்தனை மணிக்குன்னு அதுல போட்டிருக்கும்னு பண்ணியிருக்காங்க. பண்ணினா ஜாதிமல்லிப் பாட்டு வருது. 'பாரு, சாகும்போதுகூட எப்படிச் சந்தோஷமாப் பாடி வெச்சுட்டுப் போயிருக்கான்'னு இன்னும் அழறாங்க.

அவர் தெருவுக்குப் போனேன். பந்தல் போட்டாச்சு, நாற்காலி போட்டாச்சு. ரிலீஸ் விழான்னு நெனைச்சேன், இவ்வளவு ஏற்பாடு பண்ணியிருக்காங்களேன்னு. யாரோ என் கையில ஒரு மாலையைக் குடுத்தாங்க. எனக்குப் போடத்தான் போல, நானே போட்டுக்கணும் போலன்னு கழுத்துக்குக் கொண்டுபோனேன், ஒரு அம்மா புடுங்கிட்டாங்க. 'நீங்க சொந்தமா?'ன்னு ஒருத்தர் கேட்டாரு. இல்லைங்க, இதையெல்லாம் செஞ்சது நான்தான்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். அப்புறம் என்ன, நாலு பேரு சட்டையைப் புடிச்சுட்டாங்க. 'எப்படிடா செஞ்சே, எங்க வெச்சுடா செஞ்சே'ன்னு உலுக்கறாங்க. ஃபோட்டோஷாப்லதான்னு சொன்னேன். அந்த நேரத்துல அதைச் சொல்லியிருக்கக்கூடாதுதான்.

மேகலா வேலைக்குப் போற வழியில, ஷேர் ஆட்டோலேருந்து பார்த்திருக்கு. போஸ்டரைப் போன்ல பார்த்த பொண்ணுதானே, தெரியாதான்னு கேப்பீங்க. போன்ல பார்த்தது வேற சார். சுவத்துல, முன்னாடி நூறு பேரு செருப்பைக் கழட்டிட்டு நிக்கறப்ப பார்க்கறது வேற. அப்பாவுக்கு போன் போட்டா சுவிட்ச் ஆஃப். அவர் விடியக்காலைலயே அடுத்த பாட்டு ரெக்கார்டிங்குக்கு வடபழனி போனவரு, உள்ள போன் கூடாதுன்னு அணைச்சு வெச்சுட்டாரு. ஆட்டோலேருந்து குதிச்சு, அங்கேருந்து வீடு வரைக்கும் கத்திக்கிட்டே ஓடி வந்துச்சு, அதைப் பார்த்துத்தான் என் சட்டையை விட்டாங்க. அந்தப் பொண்ணு போட்ட சத்தம் இருக்கே சார். நான் அன்னிக்கு எல்லாத்தையும் வீடியோ எடுத்தேன், அந்தச் சத்தம் மட்டும் சரியாப் பதியலை. ஆனா எனக்கு அப்பப்போ கேக்குது. சரி, விடுங்க.

பாடி எங்கேன்னு யாரும் கேக்கலையான்னு பார்க்கறீங்க. கேட்டாங்க. ஆஸ்பத்திரிலேருந்து வரணும்னு ஒருத்தர் சொன்னாரு. அவருக்கு யாரு சொன்னான்னா, இன்னொருத்தர். இந்த மாதிரி விஷயத்துல ஒருத்தர் சொன்னாப் போதும். அதுக்குள்ள அரக்கோணத்துலேருந்து உங்க மணவாளன், மாப்பிள்ளையோட அப்பா, மாலையைத் தூக்கிக்கிட்டு ரயில் ஏறி வந்துட்டாரு. யாரோ போஸ்டரை போன்ல அனுப்பியிருக்காங்க. வந்தவரு நேரா மேகலா முன்னாடி தரையில உட்கார்ந்தாரு. அந்தப் பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டு, தெருவே கேக்கற மாதிரி சொன்னாரு. 'அப்பா இல்லேன்னு நெனைக்காதேம்மா. நீ எங்க வீட்டுப் பொண்ணு. எவன் என்ன பேசினாலும் சரி, சொன்னபடியே கல்யாணம் நடக்கும்.' தெருவே வாயைப் பொத்திக்கிட்டு அழுதுச்சு. உங்க சொந்தக்காரரு சார், தங்கமான மனுஷன். அவரை அப்படிப் பேச வெச்சது எந்த டிசைன்? அதைத்தான் யாரும் யோசிக்க மாட்டேங்கறாங்க.

அப்புறம் பாட்டு ஆரம்பிச்சாங்க. கோதண்டத்தோட சிஷ்யன் தாஸ்னு ஒருத்தன், டோலக்கை மடியில வெச்சுக்கிட்டு தேம்பித் தேம்பிப் பாடறான்.

'ஊரு சாவுக்கெல்லாம் பாடினியே கோதண்டம்,
உன் சாவுக்குப் பாட எங்கள வுட்டுப் போனியே,
தாளம் தட்ட ஆளிருக்கு தலைவா,
எடுத்துக் குடுக்க ஆளில்லே...'

அந்த நேரத்துலதான் கோதண்டம் பஸ்ஸை விட்டு இறங்கி வர்றாரு. தெருவுல பந்தலைப் பார்த்ததும், யாரோ போயிட்டாங்கன்னு, பழக்க தோஷம், சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டுக் கூட்டத்துக்குப் பின்னாடி வந்து நின்னாரு. பக்கத்துல நின்னவன்கிட்ட, 'யாருப்பா பூட்டது?' அவன் மூக்கைச் சிந்திக்கிட்டே, திரும்பிப் பார்க்காம, 'கோதண்டம் அண்ணன்பா.' 'எந்தக் கோதண்டம்?' 'நம்ம கானா கோதண்டம்பா.' அப்படியே நின்னு கேட்டாரு. எத்தனை வீட்டுல பாடியிருப்பாரு, அவருக்கு ஒருத்தன் பாடி அவர் எப்பக் கேக்கறது? நான் அவரைப் பார்த்துட்டேன். கத்தியிருக்கணும். கேமரா கையில இருந்துச்சு, ஃபோகஸ் பண்ணினேன். தாஸு அழுகைல அடுத்த அடியை மறந்துட்டு 'ஆளில்லே, ஆளில்லே'ன்னு அங்கயே சுத்திக்கிட்டிருந்தான். பின்னாடிலேருந்து இவர் கணீர்னு அடுத்த அடியை எடுத்துக் குடுத்தாரு.

டோலக் நின்னுச்சு. எல்லாரும் திரும்பறாங்க. மேகலா எழுந்து ஓடி வந்து, அவர் நெஞ்சுல ரெண்டு கையாலயும் அடிச்சுச்சு, அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. போனை ஏன்பா அணைச்சே, போனை ஏன்பா அணைச்சேன்னு அதே கேள்விதான். அவர் அடியை வாங்கிக்கிட்டே சம்பந்தியைப் பார்த்து, 'வாங்க சம்பந்தி, சாப்பிட்டீங்களா'ன்னாரு. மணவாளன் கையில மாலை இருக்கு, என்ன பண்றதுன்னு தெரியலை, அப்படியே கொண்டுபோய் அவர் கழுத்துல போட்டுட்டாரு. தெரு முழுக்கச் சொன்ன வார்த்தையை இனி திரும்ப வாங்க முடியுமா? கல்யாணம் நிச்சயமாயிடுச்சு. இதோ, நீங்களும் நானும் பிரியாணிக்கு உட்கார்ந்திருக்கோம்.

அவருக்கு அடிச்ச யோகத்தைக் கேளுங்க. செத்துப் பொழைச்சவன் வாயால பாடினா ஆயுசு கெட்டின்னு இப்ப கல்யாணம், காதுகுத்து, பொறந்தநாளு, எல்லாத்துக்கும் அவர்தான். தேதி கிடைக்கறதில்ல. என் வீடியோ ஊர் பூராப் போச்சு. வருண் அதையே 'இறந்து எழுந்த கலைஞன்'னு, முன்னாடியே நாங்க திட்டம் போட்டுச் செஞ்ச மாதிரி கோவாவுக்கு அவார்டுக்கு அனுப்பினாரு. கிடைச்சுது. மேடையில போய் வாங்கினாரு. மூலக் கருத்து வருண், இயக்கம் வருண், ஒத்துழைப்புன்னு ஒரு பட்டியல், அதுல டீ வாங்கிட்டு வர்றவரு பேருக்கு அடுத்து என் பேரு. நான் உயிரோட இருக்கற வரைக்கும் எனக்குப் பேரு வரப்போறதில்ல சார், அது முடிவாத் தெரிஞ்சுபோச்சு.

ஆனா இந்த ஜனங்களுக்கு நன்றி இருக்கு, சொல்லணும். போன வாரம் கோதண்டம் போன் பண்ணாரு. 'டிசைன் சார், நீ இல்லேன்னா இந்தக் கல்யாணமே இல்ல, ஒரு நல்ல போட்டோ அனுப்பு சார்' அப்படின்னாரு. மேடையில ஷீல்டு குடுப்பாங்க போல, அதுல போடறதுக்கா இருக்கும். என்கிட்ட நல்லதா இருக்கறது ஒண்ணுதான், ஆபீஸ் வெப்சைட்ல போட்டது. கன்னத்துல கையை வெச்சு, கீழே பார்த்த மாதிரி, கறுப்பு வெள்ளை. அனுப்பினேன். ஒரு புள்ளிகூட மாத்தக்கூடாதுன்னு கூடவே எழுதினேன். விட்டா ஜெகன் கன்னத்துல ரோஸ் அடிச்சுடுவான். இன்னும் ஷீல்டு வரலை, பார்ப்போம்.

இன்னிக்கு மண்டபத்துக்குள்ள நுழைஞ்சதுலேருந்து அந்த மரியாதை தெரியுது. வாசல்ல பன்னீர் தெளிக்கற பொண்ணு என்னைப் பார்த்ததும் சொம்பைக் கீழே போட்டுடுச்சு. ஒரு அம்மா வந்து என் கையைக் கிள்ளிப் பார்த்துட்டு, நெத்தில திருநீறு பூசிட்டுப் போனாங்க. ஒரு பெரியவர் என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்து, 'இவ்ளோ சின்ன வயசுல'ன்னு தலையை ஆட்டினாரு. இத்தனை சின்ன வயசுல இவ்வளவு சாதனையான்னு அவருக்கு ஆச்சரியம். நீங்களும் அதுக்குத்தானே பார்க்கறீங்க?

என்ன சார்? பேனரா? அதுல என்ன. மேல் வரிசையா? மேல் வரிசை தெய்வமானவங்களுக்கு சார், பொண்ணோட தாத்தா, ஆயா, அந்த மாதிரி. கல்யாண பேனர்னா செத்தவங்களை மேலே விளக்கோட போடுவாங்க, ஆசீர்வாதம் பண்ணட்டும்னு. அது ஜெகனுக்கு மனப்பாடம். கறுப்பு வெள்ளைல ஒரு படம் கைக்கு வந்தாப் போதும், யாரு எவருன்னு கேக்காம நேரா மேலே ஏத்திடுவான்.

இருங்க. இருங்க சார், நான்தான் போட்டோ எடுத்திருக்கேனே, பெருசு பண்ணிப் பார்க்கறேன்.

தாத்தா. ஆயா. நடுவுல... கன்னத்துல கை.

விளக்கு நல்லாத்தான் எரியுது. மாலைகூடப் போட்டிருக்கான் ஜெகன், என் கழுத்துக்கு அளவெடுத்த மாதிரி. ஒரு புள்ளி மாத்தலை, சொன்ன சொல்லைக் காப்பாத்தியிருக்கான். கோதண்டம் இதைப் பார்த்துத்தான் விட்டாரா, பார்க்காம விட்டாரா? மேடையிலேருந்து இந்தப் பக்கம் பார்த்துச் சிரிக்கறாரு பாருங்க. எல்லாரையும் பார்த்துத்தான் சிரிக்கறாரு, அதுலேருந்து என்னன்னு சொல்றது.

நான் இதை ஸ்டேட்டஸ்ல போட்டிருக்கேன் சார். என் போன்லேருந்து. 'தாங்க முடியலை'ன்னு எழுதி. வீட்டுல ஒருத்தர் போயிட்டா அவங்க போன்லேருந்து வேற யாராவது இப்படித்தானே போடுவாங்க.

இந்த மெசேஜெல்லாம் ரியாக்‌ஷன்னு நெனைச்சேனே. ஆழ்ந்த இரங்கல். ஆழ்ந்த இரங்கல். கை கூப்பின பொம்மை. ஸ்கூல்ல கூடப் படிச்சவன், பேசியே பத்து வருஷம் ஆச்சு, அழறான். வருண்கூட எழுதியிருக்காரு, ஆபீஸ் குரூப்புல. 'கோதண்டம் போஸ்டர் முழுக்க முழுக்க ஹரியோட கற்பனை. நான் கூட நின்னேன், அவ்வளவுதான்.' கடைசில குடுத்துட்டாரு சார். இந்த நேரம் பார்த்து.

அம்மா. இருபத்தேழு மிஸ்டு கால். போனை ஏன்டா எடுக்க மாட்டேங்கறேன்னு மேகலா கேட்ட மாதிரியே...

கொஞ்சம் இருங்க சார். இலை போட்டா எனக்கு ஒரு இடம் பிடிச்சு வைங்க. மறுபடியும் வருது.

அம்மா. அம்மா, நான்தான். ஹரிதான்மா பேசறேன். அழாதம்மா, ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன். இல்லம்மா, யாரும் என் போனை எடுக்கலை, நானேதான். சாப்பிடலை, இனிமேதான். அம்மா, கத்தாதம்மா, காதுல கேக்க முடியலை. சரி, வெச்சுட்டு வீடியோல வர்றேன், நீயே பாரு. பாரும்மா, கலர்லதான் இருக்கேன்.